யான்பிங் குடித்த பார்லித் தண்ணீர்

“என்ர முலை. உன்ர இல்லை. நீ உன்ர உடுப்பைத் தோய்!”

யான்பிங் என் முகத்துக்கு நேரே இப்படித்தான் கத்தினாள். நோர்வேயில், குரோருட் என்கிற இடத்தில் எங்கள் அடுக்குமாடியின் நிலவறையில் இருக்கிற சலவை அறை அது. இரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு மேலாலும் அவள் குரல் கேட்டது. அவளுடைய சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் வட்டமாக நனைந்திருந்தது. தள்ளுவண்டிலில் கிடந்த மூன்று மாதப் பிள்ளையின் வாயில் போத்தல். கண்டதை நான் கேட்டேன். “உனக்கு மாடு மாதிரி ஒழுகுது. பிள்ளைக்கு ஏன் மாப்பால்?” கேட்டது அவ்வளவுதான்.

நாங்கள் பேசியது நோர்வே மொழி. அவளுடையதற்கு வால் இல்லை, என்னுடையதற்குத் தலை இல்லை. அந்த மொழியில் டொக்டரும் நீ, தெருக் கூட்டுகிறவனும் நீ. ஆகவே முப்பது வயதுப் பெட்டை என்னை நீ என்றதில் எனக்குக் கோபம் வரவில்லை. முலை என்று கத்தியதிலும் வரவில்லை, இருக்கிறதைத்தானே சொன்னாள். பதில் சொல்லத் தெரியாமல் நான் நின்றதுதான் கோபம். என் மனிசன் செத்துப் பதினொரு வருசம். அவர் இருக்கும்போதுகூட என் வாயை ஒருவராலும் அடைக்க முடிந்ததில்லை.

யான்பிங் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. சீனாவின் தென்கிழக்குக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து 2005இல் வந்தவள். புருசன் வெய், நகரத்தில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரன். அவளுக்கும் அதே குசினியில்தான் வேலை, ரோல் சுற்றுவது. மணிக்கு இருநூறு சுற்றுவேன் என்று விரல்களை விரித்துக் காட்டுவாள். பல்கனி முழுக்க மீன் வருகிற வெள்ளைப் பெட்டிகளில் மண் போட்டு, பூண்டு மணக்கிற ஒரு புல்லை வளர்த்தாள். சுருக்கமாக நடப்பாள், சுருக்கமாகப் பேசுவாள், சிரிப்பது மட்டும் வாய் நிறைய.

பிள்ளை பிறந்தது 2008 மே மாதக் கடைசியில். பெண். நிங்நிங் என்று கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து ஒரு மாதம் யான்பிங் வாசலைத் தாண்டவில்லை. தலை முழுகவில்லை, பச்சைத் தண்ணீர் தொடவில்லை, ஜூன் மாத வெயிலில் யன்னலைச் சாத்திக்கொண்டு கம்பளித் தொப்பியோடு இருந்தாள். வெய் வேலைக்குப் போகுமுன் சூடான சூப் வைத்துவிட்டுப் போவான். பிள்ளையை நிறுத்துப் பார்க்க வந்த சுகாதாரத் தாதி பெரித்துக்கு இது பயமாகிவிட்டது. படிக்கட்டில் என்னைப் பிடித்தாள்.

“உன்ர மேல்வீட்டுக்காரி கவலையில இருக்கிறாளோ? வெளியில வாறாளே இல்லை.”

“அவளுக்குக் கவலை இல்லை. ஒழுங்காயிருக்கிறாள்” என்றேன். பிள்ளை பெற்று முப்பத்தொரு நாள் துடக்கும் காயச் சரக்குக் கறியும் வெந்நீர் முழுக்கும் கண்டவளுக்கு, கம்பளித் தொப்பியை விளங்கப்படுத்தவா வேண்டும்? காதில் காற்றுப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த மாதத்தில் பிள்ளை தாயிடம்தான் குடித்தது. கன்னம் இரண்டும் பணிஸ் மாதிரி ஊதியது. அதனால்தான் ஓகஸ்ட் முடிவில் போத்தலைக் கண்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

சண்டைக்குப் பிறகு மூன்று நாள் நாங்கள் முகம் பார்க்கவில்லை. நாலாம் நாள் நான் மேலே போனேன். மன்னிப்புக் கேட்க இல்லை. ஆளாளுக்குப் பூட்டுக் கொழுவித் தோய்க்கிற நேரத்தைப் பிடிக்கிற சலவை அறைப் பலகையில், என் நேரத்தில் தன் பூட்டைக் கொழுவியிருந்தாள், அதைக் கேட்கத்தான் போனேன். கதவைத் திறந்ததும் வறுத்த தானிய மணம். அடுப்பில் ஒரு சட்டி மண்ணிறமாகக் கொதித்தது.

“என்ன இது, பால் சுரக்கிற கசாயமோ?”

“முளைச்ச பார்லி. வறுத்து அவிக்கிறது. பால் வத்த.”

“வத்தவோ? ஏன்?”

“நிங்நிங் ஒக்டோபர்ல போறாள். பதினெட்டாந் திகதி. மாமியிட்டை, சீனாவுக்கு. நான் வேலைக்குப் போகவேணும். ஸ்கூலுக்குப் போற வயசில திரும்பி வருவாள்.”

சுவரில் நாள்காட்டி தொங்கியது. பதினெட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

“அதுவரைக்கும் குடுக்கலாம்தானே?”

“முலை தெரிஞ்ச பிள்ளை பிளேனில அழும். மாமியிட்டையும் அழும். தெரியாத பிள்ளை அழாது.”

“அப்ப நீ?”

“நான் பெரிய ஆள்.”

அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள். அடுப்பில் அழுக்கே இல்லை. என் ஊரில் பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள்; பிள்ளை இறந்த வீட்டில்தான் அதைப் பார்த்திருக்கிறேன். அதை அவளுக்குச் சொல்லவில்லை. பூட்டை எடுக்கச் சொல்லவும் மறந்துபோய்க் கீழே இறங்கினேன்.

செப்டெம்பர் நடுவில் மகள் சிறிதேவி போன் எடுத்தாள். ஸ்டோவ்னரில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், செய்தி எல்லாம் அவளுக்கு முதலில் தெரிந்துவிடும்.

“அம்மா, நியூஸ் பாத்தனீங்களோ? சீனாவில பால்மாவில ஏதோ கலந்துபோட்டாங்களாம். கைக்குழந்தையளுக்குச் சிறுநீரகத்தில கல்லாம்.”

போனை வைத்தேனோ எறிந்தேனோ தெரியாது. மேலே ஓடினேன். கதவு திறந்தே கிடந்தது. யான்பிங் கம்பியூட்டருக்கு முன்னால், மடியில் பிள்ளை. திரைக்குள் மாமியார், கண்ணாடி போட்ட மனுசி. பின்னால் வெய் ஏப்பரனோடு நின்றான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் யான்பிங்கின் கை பிள்ளையின் காலைப் பிடித்த பிடி விளங்கியது.

திரை அணைந்த பிறகு சொன்னாள். வெளிநாட்டு மா வாங்கிக் கொடுப்போம் என்று மாமியார் சொல்லியிருக்கிறாள். பெட்டி நிறைய நோர்வே மா அனுப்பலாம் என்பது வெய்யின் யோசனை.

“எத்தனை ரின் மா எண்டு கேட்டன். ரெண்டு வருசத்துக்கு எத்தனை ரின்? ஒருத்தருக்கும் தெரியாது.”

“பிறகு?”

“நான் பால் குடுக்கப்போறன், விடமாட்டன் எண்டன். மாமி சிரிச்சா. வத்தின பால் திரும்பாதாம். டிக்கெட் நாளுக்கு முன்னம் திரும்பினா பிள்ளை இஞ்சை. இல்லாட்டி அங்கை. வெய்யும் ஓம் எண்டுட்டான்.”

வெய் தரையைப் பார்த்தான். நல்ல பெடியன்தான், ஆனால் தாயின் குரல் கேட்டால் முதுகு வளைந்துவிடும்.

பால் கொடுக்கிறதை நிறுத்திப் பதினைந்து நாளுக்கு மேல். எனக்கும் நம்பிக்கை இல்லை; அதை அவள் முகத்துக்கே சொன்னேன். “கேட்டனானோ?” என்றாள். பார்லிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

பெரித் வந்தாள். அவள் தலையாட்டிக்கொண்டு நிற்கிற தாதி இல்லை, காரியக்காரி. மருந்துக்கடையில் பால் உறிஞ்சும் மெஷினை வாடகைக்கு எடுப்பித்தாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிள்ளையை நெஞ்சில் போடச் சொன்னாள். மாப்பால் போத்தலிலிருந்து நூல் மாதிரி ஒரு குழாயை இழுத்து, முலைக்காம்புப் பக்கத்தில் ஒட்டிக் காட்டினாள். பிள்ளை தாயை உறிஞ்சும், வருவது போத்தல் பால். பிள்ளையை ஏமாற்றுகிற வேலை. நிங்நிங் முதல் இரண்டு நாளும் ஏமாறவில்லை. முகத்தைத் திருப்பிக் கத்தினாள். என் வீட்டு முகட்டுக்குள்ளால் கேட்டது. மூன்றாம் நாள் பசியில் பிடித்துவிட்டாள்.

கடை முதலாளியின் மனிசியும் வந்தாள், ஹோ அம்மா. கையில் பன்றிக்காலும் நிலக்கடலையும். சீனத்திகளுக்குப் பால் சுரக்க அதுதான் சூப். அவள் தன் மூத்த மகளை எட்டு மாதத்தில் அனுப்பி, ஆறு வயதில் திரும்ப எடுத்தவள். விமான நிலையத்தில் அந்தப் பிள்ளை கிழவியின் பின்னால் ஒளிந்துகொண்டு இவளை அன்ரி என்றதாம். அதைச் சொல்லிவிட்டு அழவில்லை, வெய்யின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். “வேலைக்கு வரேக்க பிள்ளையையும் கொண்டு வரட்டும். குசினிக்கு மேல அறை சும்மாதான் கிடக்கு.”

அந்தச் சூப் நாலு மணித்தியாலம் அவிய வேண்டும். பிள்ளை நெஞ்சில் கிடக்க யான்பிங்கால் சட்டியைப் பார்க்க முடியவில்லை. முதல் சட்டி கருகி, புகை மணி அடித்து, மாடி முழுக்க வெளியே வந்து நின்றது. ஆகவே அடுத்த சட்டி என் அடுப்புக்கு வந்தது. நான் மீனுக்கு அப்பால் எதுவும் தொடாதவள். மூக்கைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு கிண்டினேன். அன்றைக்கென்று சிறிதேவி வந்தாள்.

“அம்மா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன மணம் இது?”

“பண்டிக்கால்.”

“என்ன?”

“பண்டிக்கால். கச்சான் போட்டு அவியுது. கரண்டியைப் பிடி, அடிப்பிடிக்கப் போகுது.”

“சாமிப்படம் இருக்கிற வீட்டில…”

“திரையை இழுத்து விட்டிருக்கிறன். நீ பிறந்து எனக்குப் பால் வராமக் கிடக்கேக்க என்ர மாமி சுறா காய்ச்சித் தந்தவ. அண்டைக்கும் வெள்ளிதான். செத்தா போனனீ?”

மூக்கைப் பொத்திக்கொண்டு அவளும் கிண்டினாள். பிறகு மேலே கொண்டுபோய்க் கொடுத்ததும் அவள்தான்.

நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சட்டி கிண்டினேன், என் சலவை நேரத்தைக் கொடுத்தேன். செய்தது யான்பிங். கண்ணைச் சுற்றிக் கறுத்து, முலைக்காம்பு வெடித்து, மெஷினோடு உட்கார்ந்திருப்பாள். பத்தாம் நாள் என்னைக் கூப்பிட்டு, மெஷின் போத்தலின் அடியைக் காட்டினாள். ஒரு தேக்கரண்டி இருக்கும்.

“இவ்வளவுதானோ?” என்றேன்.

“நேத்து ஒண்டும் இல்லை” என்றாள். வாய் நிறையச் சிரித்தாள்.

ஒரு நாளைக்கு ஆறு போத்தல் குடித்த நிங்நிங் ஐந்துக்கு வந்தாள், பிறகு மூன்று. ஒக்டோபர் பதினாறாம் திகதி சுகாதார நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். பெரித் பிள்ளையின் உடுப்பைக் கழற்றி, நிறுத்து, தாயிடம் குடிக்க விட்டு, திரும்ப நிறுத்தாள். காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். இனி நாளுக்கு ஒரு போத்தல் போதும், அதுவும் கொஞ்ச நாளைக்கு.

வெய் அந்தக் காகிதத்தை இரண்டு முறை பார்த்தான். ஒருவரும் சொல்லாமலே போனை எடுத்து டிக்கெட்டை நிறுத்தினான். தாய்க்குச் சொல்லும்போது மட்டும் முதுகு கொஞ்சம் வளைந்தது. குரல் வளையவில்லை.

மாமியார் நம்பவில்லை, காட்டச் சொன்னாள். யான்பிங் கமராவைத் திருப்பினாள். திரையில் பிள்ளையின் காதும் பாதிக் கன்னமும் தாயின் முலையும்தான் தெரிந்தன. கிழவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டாள். பிறகு ஏதோ சொன்னாள்.

“என்னவாம்?” என்றேன்.

“மீன் சூப்பும் குடிக்கட்டாம். இஞ்சி போட்டு.”

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பழைய சாமான் சந்தை. கட்டில் விளிம்பில் இருந்து பால் கொடுத்து இடுப்பு நாரி முறிந்தது என்று யான்பிங் ஒரு கதிரை தேடினாள். மண்ணிற மெத்தை, இரண்டு பக்கமும் கை வைக்கக் கட்டை. மூன்று முறை இருந்து பார்த்தாள், ஒருமுறை பிள்ளையோடும். வெய் வேலையில். நெஞ்சில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அவள் ஒரு பக்கம், எழுபதை நெருங்குகிற நான் மற்றப் பக்கமாகக் கதிரையைத் தூக்கிப் படியேறினோம். முதல் மாடித் திருப்பத்தில் நிங்நிங் கத்தத் தொடங்கினாள். யான்பிங் கதிரையை அங்கேயே வைத்து, சாய்ந்திருந்து, சட்டையைத் தூக்கினாள். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் சுவரோடு ஒட்டிப் போனார்கள்.

“என்ன விலைக்கு எடுத்தனி?” என்று நான் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டேன். எண்பது கேட்டார்களாம். ஐம்பது குரோனருக்கு முடித்திருந்தாள்.