அத்தை மகன் சூடிய கிரீடம்

மகளின் பள்ளியில் சரித்திர ஆசிரியை வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். பழைய இங்கிலாந்தில் ஒரு ராஜா, ஆண் வாரிசு இல்லாதவர். "எனக்குப் பின் என் மகள்தான்" என்று பிரபுக்களிடம் சத்தியம் வாங்கிவைக்கிறார். அவர் இறந்தபோது மகள் கடலுக்கு அப்பால், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள். அதற்குள் அவளுடைய அத்தை மகன் கப்பலேறி வந்து கிரீடத்தைச் சூடிக்கொள்கிறான். சத்தியம் செய்த அதே வாய்கள் அவனை வாழ்த்துகின்றன. மகள் முந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அதைத்தான் எழுத வேண்டும்.

கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. இது என் கதை அல்லவா!

நான் துபாயில் நர்ஸ். எங்கள் வார்டின் பழைய இன்சார்ஜ், மயக்க மருந்துகளைப் பூட்டிவைக்கும் அலமாரியின் சாவியை எல்லோர் முன்னிலையிலும் காட்டி, "எனக்கப்புறம் இது உனக்குத்தான்" என்றார். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நான் பிரசவத்துக்காக நாகர்கோவில் போனேன். அந்த நேரம் பார்த்து அவர் வேலையை விட்டுவிட்டார். திரும்பி வந்தால் சாவி என் ஊர்க்காரியின் கழுத்தில் தொங்குகிறது. அவளுக்கு இந்த வார்டில் வேலை சொல்லிக்கொடுத்ததே நான்.

"வா மக்கா. கைப்பிள்ளக்காரில்லா, ஒனக்கு நைட் டியூட்டி போடல கேட்டியா" என்றாள். அந்த அன்புதான் தாங்கவில்லை. அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கே போகிறான். என் எரிச்சல் மட்டும் ஆறவில்லை.

துபாயில் அல் குசைஸ் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல, மகள் லேப்டாப்பில் ஆங்கிலத்தில் தட்டினாள். ராஜகுமாரி முதல் கப்பலிலேயே வந்துவிடுகிறாள். முடிசூடுகிறாள். அத்தை மகனைக் கப்பலேற்றி நாட்டைவிட்டே விரட்டுகிறாள்.

"அப்புறம் குயின் என்ன பண்ணுவா மம்மி?"

"அவன் போற கப்பலப் பாத்துட்டு நிப்பா."

"அவ ரூல் பண்ண வேண்டாமா?"

"மொதல்ல அவன் போவட்டும் மக்ளே."

மிச்சத்தை நாளை எழுதலாம் என்று மூடிவைத்தோம்.

மறுநாள் காலை டியூட்டிக்குப் போனபோது அந்த ஊர்க்காரி லட்டு டப்பாவோடு நின்றாள். "எனக்கு யூ.கே.யில வேல கெடச்சிருக்கு மக்கா, விசாவும் வந்தாச்சு. இன்சார்ஜ் இனி நீதான். மேல சொல்லிட்டேன்." சாவியைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

எத்தனை நாள் ஏங்கிய சாவி! ஆனால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எந்த ஊர், குளிர் எப்படி, குடும்பத்தையும் கூட்டிப்போகலாமா என்று எல்லோரும் அவளையே மொய்த்தார்கள். யூ.கே. வேலைக்கான ஆங்கிலப் பரீட்சைக்கு, என் பிரசவத்துக்கு முன்பே, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் படிக்க ஆரம்பித்தோம். நான்தான் பாதியில் விட்டேன், இன்சார்ஜ் ஆகப்போகிறவளுக்கு அது எதற்கு என்று. லட்டை டிஷ்யூவில் சுற்றிப் பையில் போட்டேன்.

மாலையில் மகள் லேப்டாப்பைத் திறந்தாள். "மம்மி, அந்த கசின் கப்பல்ல எங்க போறான்?"

"அவன் எங்கயும் போவண்டாம். கிரீடத்த அவனே வச்சிக்கிடட்டும்" என்றேன். "கப்பல்ல இவள ஏத்து."