வேலிக்குள் போன கிணறு

கே.ஜி.கண்டிகை பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் உண்டு. அதை ஒட்டிய மேய்ச்சல் புறம்போக்கில் படை முகாம் ஒன்று வந்தபோது ஊரே மகிழ்ந்தது. நாட்டின் பாதுகாப்பு எங்கள் வரப்புவரை வந்துவிட்டதல்லவா! வரப்பையும் தாண்டி வந்துவிட்டது என்பது கம்பிவேலி போட்ட பிறகுதான் தெரிந்தது. எங்கள் கிணறு முகாமுக்குள் போயிருந்தது. வேர்க்கடலைச் செடிகளைப் பெருந்தன்மையோடு எங்களிடமே விட்டிருந்தார்கள்.

தாலுகா ஆபீசில் பட்டாவைக் காட்டினேன். கிணறு என்னுடையதுதான் என்று அதிகாரி மனமார ஒப்புக்கொண்டார்.

"ஆனா வேலி அவங்களதும்மா. சர்வேயர் வந்து அளக்கட்டும்."

சர்வேயர் வரவில்லை. கிணற்றை எட்டிப் பார்க்கவே முகாமைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போகவேண்டும். அங்கே காவலுக்கு நின்ற வடநாட்டு வீரர், தினமும் என் ஆதார் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பார். நேற்று விவசாயியாக இருந்தவள் இன்று எதிரியாகியிருக்கலாம், யார் கண்டது?

ஒருநாள் வயல் கொட்டகையில் மோட்டார் சுவிட்சைப் போட்டேன். கால்வாயில் சொட்டு இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் புல்தரைமீது தண்ணீர் பூவாய்ச் சிதறியது. என் குழாயைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள்!

ஃபியூஸைப் பிடுங்கி மடியில் முடிந்துகொண்டேன். அக்கா வீட்டுக்காரர் பதறினார்.

"துப்பாக்கி வெச்சிகினு இருக்கிறவங்ககிட்ட வம்பு வேணாம்மா!"

"என்கிட்ட ஃபியூஸ் இருக்குது, பாவா."

இரண்டு நாளில் புல் வாடியது. முகாம் அதிகாரியே வரப்பில் பூட்ஸ் வழுக்க வழுக்க நடந்து வந்தார், நல்லவேளை, தமிழர்.

"மோட்டார் ரிப்பேராம்மா?"

"ஆங், மோட்டாரு நல்லாத்தான் இருக்குதுங்க சார். கரண்டு யாருதுன்னுதான் தெரியல. சர்வேயர் வந்து அளக்கட்டும்."

அவர் கருகிய செடிகளைக் குனிந்து பார்த்தார்.

"காலையில உங்களுக்கு. சாயங்காலம் எங்களுக்குக் குடிக்க மட்டும். போதுமா?"

"புல்லுக்கு?"

"மழை வரட்டும்மா."

மறுநாள் வேலியை வெட்டி, கிணற்றுக்கு நேராக ஒரு சின்னக் கதவு வைத்தார்கள். குழாயும் எங்கள் பக்கம் திரும்பியது. பேச்சுவார்த்தை நடத்தியது தான்தான் என்று பாவா டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து, வெடித்த மண்ணைத் தண்ணீர் நனைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தபடி சேற்றில் நின்றிருந்தேன்.