அக்காவிடம் சொல்ல முடியாத சாட்சி

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருடம் நடந்தது இது. அப்போது நான் மலாக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வீடு காஜா பெராங்கில்.

வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் கேட்டுத்தான் பேச முடியும். லைன் சரியாகக் கிடைத்ததா என்று காது கொடுத்துப் பார்ப்பது எங்கள் வேலை. பேச்சைப் பதிவு செய்யும் கருவியெல்லாம் அங்கே கிடையாது. காதில் விழுந்த எதையும் வெளியே சொல்லக்கூடாது, சொன்னால் வேலையும் போகும், வழக்கும் வரும் என்று சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் லோரி ஓட்டுபவர். வெளியூரில் ஏதோ தகராறு என்று அவரைப் போலீஸ் பிடித்துப் போனது. கை முறிந்து திரும்பினார். படியில் விழுந்துவிட்டார் என்றார்கள் போலீஸ்காரர்கள். அதோடு விடாமல், போலீஸ்காரரை அவர்தான் அடித்தார் என்று வழக்கும் போட்டார்கள். அக்கா சும்மா இருக்கவில்லை. அலைந்து அலைந்து புகார் கொடுத்தார். கடைசியில், போலீஸைச் சேராத மூன்று பேரைக் கொண்ட விசாரணைக் குழு ஒன்று அமைந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு மதியம், கோலாலம்பூருக்கு ஓர் அழைப்பு. லைன் இரைந்துகொண்டே இருந்ததால் என்னால் விலக முடியவில்லை. பேசிய போலீஸ்காரர் மலாயில் சொன்னது தெளிவாகக் கேட்டது. அந்த லோரிக்காரன் படியில் விழவேயில்லை, நாங்கள் அடித்ததுதான், எல்லாரும் ஒரே மாதிரி சொல்வதாகப் பேசி வைத்திருக்கிறோம் என்றார்.

அன்று சாயங்காலமே அக்கா வேலியோரம் வந்து நின்றார்.

“தங்கச்சி, நீ டெலிபோன்லதானே இருக்க? போலீஸ்காரங்க பேசுனது ஏதாச்சும் காதுல விழுந்துச்சா? சொல்லும்மா. இல்லன்னா அவரு ஜெயிலுக்குப் போயிருவாரு.”

“அங்க கேக்குறத வெளிய பேசக்கூடாதுக்கா.”

“அப்ப கேட்டிருக்க?”

“கேட்டேன்னும் சொல்ல முடியாது, கேக்கலன்னும் சொல்ல முடியாதுக்கா.”

“என் பிள்ளைங்கள தெனமும் பார்க்குற. உனக்கு இப்படிச் சொல்ல எப்படி மனசு வருது?” அக்கா விடுவிடுவென்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாக எங்கள் சூப்பர்வைசரிடம் போனேன். அவர் மலாக்காவின் போர்த்துகீசியக் குடியிருப்பைச் சேர்ந்த பெண்மணி, கண்டிப்பானவர். நான் வாயைத் திறந்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார். என்ன கேட்டாய் என்று எனக்கும் சொல்லாதே, அது ஒரு வழக்குக்குத் தேவைப்படுமா, அதை மட்டும் சொல் என்றார். ஆமாம், லோரிக்காரர் வழக்குக்கு என்றேன். அவர் மேலிடத்துக்குத் தெரிவித்தார். அங்கிருந்து குழுவுக்குத் தகவல் போய், என்னைச் சாட்சி சொல்லச் சொல்லி உத்தரவு வந்தது.

விசாரணை அறையில் குழுத் தலைவர், வக்கீல்களைத் தவிர மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டார். உத்தரவு இருப்பதால் நீ இங்கே பேசலாம், ஆனால் இங்கே வந்ததைக்கூட வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது, புகார் கொடுத்தவரிடமும்தான் என்றார். கேட்டதை அப்படியே சொன்னேன். போலீஸ் தரப்பு வக்கீல், ஏன் ஒட்டுக்கேட்டாய் என்று அதட்டினார். லைன் இரைந்தது, நான் விட்டிருந்தால் இணைப்பு அறுந்திருக்கும் என்றேன்.

அடித்தவர்களில் ஒருவர் பிறகு ஒப்புக்கொண்டாராம். வழக்கு தள்ளுபடியானது. அக்கா எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தார். எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனார்.

“அவ மூஞ்சி கொடுத்தே பேச மாட்டேங்குறா. நீ என்னதான் செஞ்ச?” என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் அவர்கள் செமாபோக்குக்குக் குடிபோய்விட்டார்கள். வெகு காலம் கழித்து, ஒரு தீபாவளிச் சமயம் ஜாலான் பெண்டஹாரா தெருவில் சேலைக்கடை ஒன்றில் அக்காவைப் பார்த்தேன். கணவர் பக்கத்தில் நின்று ஏதோ சொல்ல, அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சேலைகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது. அவர் சிரித்ததை நினைத்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டேன்.

அக்காவும் அவர் கணவரும் இப்போது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கேட்ட கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லாமல் நிற்கும்போது, அவர் நம்மைக் கைவிட்டுவிட்டார் என்று சட்டென முடிவு கட்ட இன்றைக்கும் எனக்கு மனம் வருவதில்லை.