பக்கத்து நாற்காலியின் இங்கிலீஷ்

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். இன்டர்வியூவை ஆங்கிலத்திலேயே ஜெயித்து சிங்கப்பூருக்கு வந்தவள் நான். ஆனால் ஆபீஸ்காரர்களோடு முதல் தடவை மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனபோது, என் இங்கிலீஷ் தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருப்பது எனக்கே கேட்டது. மீட்டிங்கை அவர்கள் ‘புட் ஆஃப்’ பண்ணினார்கள். அதையே நான் ‘போஸ்ட்போன்’ பண்ணினேன். மேனேஜரை அவர்கள் ‘புட் அப் வித்’ பண்ணினார்கள். நான் ‘டாலரேட்’ பண்ணினேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. நான் வாயைத் திறந்ததும் எல்லோரும் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்ததுதான் தாங்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒருத்தி. என் பக்கத்து நாற்காலிக்காரி. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், என் வயதுதான். வேலைக்குச் சேர்ந்த அன்று, “சாப்ட்டீங்களா?” என்று கேட்டேன். “யா, ஜஸ்ட் நவ்” என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டாள். மறுநாளும் அதே கதை. நம்ம ஊர்த் தமிழ் இவளுக்குக் கேவலமாக இருக்கிறது போல என்று எனக்குச் சுருக்கென்றது. இந்த ஊரில் எனக்கென்று ஒரு சிநேகிதி கிடையாது. புக்கிட் பாத்தோக்கில் வாடகை அறை. வீட்டுக்காரம்மாவோடு வாஷிங் மெஷின் பற்றி மட்டும் பேச்சு. இவளைப் பிடிக்க இங்கிலீஷ்தான் வழியென்றால் அதையும் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டு, ரயிலில் நின்றபடியே படித்தேன். ‘கிவ்’ என்றால் கொடுப்பது. ‘அப்’ சேர்த்தால் கைவிடுவது, ‘இன்’ சேர்த்தால் பணிந்துபோவது. எவன் உட்கார்ந்து யோசித்தான் இதையெல்லாம்! திட்டிக்கொண்டேதான் படித்தேன். என் வாய் அசைவதைப் பார்த்தவர்கள் ஜபம் பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். படித்ததை அன்றன்றைக்கே அவளிடம் இறக்கிவிடுவேன். லிஃப்டில் மேனேஜரைத் தற்செயலாகப் பார்த்ததை, ‘ரன் இன்டு’ பண்ணினேன் என்பேன். அவள் தலையாட்டுவாள். வரவர அவள் பேச்சு குறைந்துகொண்டே போயிற்று. என் இங்கிலீஷ் இன்னும் போதவில்லை என்று நான் இன்னும் வேகமாகப் படித்தேன்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அவளுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. கடைசி நாளன்று, மத்தியானம் லிட்டில் இந்தியாவில் சாப்பிடலாமா, நாம் இருவர் மட்டும், என்று இங்கிலீஷில் கேட்டாள். போகிற வழியெல்லாம், பிரிவுக்கு ஏற்ற வாக்கியங்களை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். இலை போட்டார்கள். சோறு வந்தது.

“ஒன்னு சொல்லணும். சிரிக்கக் கூடாது” என்றாள். தமிழில்.

“நீங்க வந்த அன்னைக்கே பேசணும்னு ஆசை. ஆனா என் தமிழ் ரோஜாக் மாதிரி லா, எல்லாம் கலந்து கெடக்கும். ஊர்லேர்ந்து வந்தவங்க முன்னாடி வாயத் தொறக்கவே பயம். அப்புறம் நீங்களும் முழுக்க இங்கிலீஷ்லயே பேச ஆரம்பிச்சிட்டீங்க. இவங்களுக்கு நம்ம தமிழ் வேணாம் போலன்னு விட்டுட்டேன்.”

எனக்கு வந்தது கோபம்தான்.

“இவ்ளோ நாளா பக்கத்துலயே உக்காந்துகிட்டு, இத இன்னைக்கா சொல்றீங்க?”

நான் போட்ட சத்தத்தில் சாம்பார் ஊற்ற வந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். கோபம் அவள்மேலா என்மேலா தெரியவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

“மெதுவா லா, எல்லாரும் பாக்குறாங்க” என்று இந்த ஊர்க்காரர்கள் எதற்கும் ஒட்டிக்கொள்ளும் அந்த ‘லா’வோடு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது ரயிலில் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு பேசினோம். அவள் அம்மாவின் பிடிவாதம், என் வீட்டுக்காரம்மா, மேனேஜர் பூசிக்கொண்டு வரும் சென்ட். ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. அவள் தமிழில் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் ஆபீஸ் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் போய்விடுவாள். ஆபீஸுக்கு நாங்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது. கதவு திறந்தது, மூடியது. இருவருமே எழுந்திருக்கவில்லை.