சம்பந்தி வீட்டுக் கிடாக்கறி

அடுக்களையில் டிபன் கேரியரின் கொக்கி 'டக்'கென்று விடுபடும் சத்தம் கேட்டது. கூடவே தட்டு எடுக்கும் ஓசை.

படுக்கையறையில் புடவை மாற்றிக்கொண்டிருந்த ஞானசௌந்தரிக்குக் கை நின்றுவிட்டது. சம்பந்தியம்மா கூடத்தில்தானே உட்கார்ந்திருந்தார்! முந்தானையை அள்ளிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

வரிச்சிக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்திறங்கிய கமலாம்பாள், தட்டில் சோற்றைப் போட்டுக் கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார். ஞானசௌந்தரியின் மகள் எழில்மதி ஒன்றும் செய்யத் தோன்றாமல் பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் கமலாம்பாளின் மகன் புகழேந்திக்கும் பூ வைத்து இருபது நாள் ஆகிறது. தை பிறந்தால் நிச்சயதார்த்தம்.

"நீங்க உக்காருங்க சம்மந்தி, நான் எடுத்துக்கிறேன்..."

"இருக்கட்டும். அன்னிக்கு எங்க ஊட்டுச் சோறு உங்களுக்கு எறங்கல. உங்க ஊட்டுலயே வச்சுப் போட்டா எறங்குதான்னு பாப்போம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த 'அன்னிக்கு' எந்த நாள் என்று ஞானசௌந்தரிக்குத் தெரியும்.

போன வருடம் வரை அவள் நூற்றிருபத்தொரு கிலோ. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை. மாடிப்படி ஏற முடியாமல், சர்க்கரையும் முட்டிவலியுமாக அழுதுகொண்டே வேலைக்குப் போனவள். கல்யாணப் பந்திகளில் பரிமாறுபவன்கூட, "அக்காவுக்கு ரெண்டு இலையா சேத்துப் போட்டுடவா?" என்று கேட்டிருக்கிறான். கடைசியில் கணவர் சிவநாதன் சென்னைக்கு அழைத்துப் போனார். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஊருக்கு, கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் தங்கள் ஊரான தலத்தெருவில் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? 'தின்னு தின்னு வயித்த அறுத்துக்கிட்டா' என்பார்கள்.

உடம்பு இறங்கியது. சர்க்கரையும் இறங்கியது. ஆனால் ஒரு வேளைக்கு நாலு கவளம், அதுவும் கூழாகும்வரை மென்று விழுங்க வேண்டும். சோற்றோடு தண்ணீர் கூடாது. வீட்டில் அது ஒரு பாடாகவே இல்லை. பந்தியில் உட்கார்ந்தால்தான் நரகம்!

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். புகழேந்திக்குப் பெண் அமைந்தால் கிடா வெட்டுவதாகக் கமலாம்பாள் முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். வயல் நடுவே கோயில். கல்லை முட்டுக்கொடுத்த அடுப்பில் அண்டா கொதிக்க, சம்பந்தியம்மா என்று ஞானசௌந்தரியின் இலையில் மட்டும் கரண்டி கரண்டியாகக் கறி விழுந்தது. "போதுங்க, போதுங்க" என்றால் யார் கேட்டார்கள்? மூன்று கவளத்தில் நெஞ்சு அடைத்துவிட்டது. மீதியை என்ன செய்வது? சோற்றால் கறியை மூடி, திருப்தியாகச் சாப்பிட்டவள் போல இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தாள். இலை எடுக்க வந்த கமலாம்பாளின் நாத்தனார் கையில் அது கனத்தது. பிரித்துப் பார்த்திருக்கிறாள். வேண்டுதல் கறி அப்படியே இருந்தது!

"என் நாத்தனா ரெண்டு நாளா என்னைய தூங்க உடல சம்மந்தி," என்றபடி கமலாம்பாள் தட்டை நீட்டினார். "சாமிக்கு வெட்டுனத மண்ணுல போட்டுட்டுப் போயிருக்காங்க, நம்ம ஊட்டுல சாப்புட மனசு இல்லாதவங்க பொண்ண மட்டும் எப்புடி மனசாரக் குடுப்பாங்கன்னு கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல? அதான் என் கையால ஆக்கிக் கொண்டாந்தேன். இத நீங்க சாப்புட்டீங்கன்னு போய்ச் சொன்னா அவ வாய மூடிடுவேன்."

எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். மலை போல் சோறு, மேலே நல்லி எலும்பு. சற்றுமுன் சம்பந்திக்குத் துணையாக ஒரு டம்ளர் டீயை வேறு குடித்துத் தொலைத்திருந்தாள் ஞானசௌந்தரி. உள்ளே இடமே இல்லை.

மகளைப் பார்த்தாள். எழில்மதி வேண்டாம் என்று தலையசைத்தாள். ஆனால் அந்தக் கண்களில் இருபது நாளாக ஒளிரும் வெளிச்சம்! அதை அணைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

முதல் கவளம் இறங்கியது. இரண்டாவது நெஞ்சில் நின்று நகர்ந்தது.

"கறிய எடுத்துக் கடிங்க, பிஞ்சுக் கிடா."

கடித்தாள். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். விழுங்கியதும் நெஞ்சுக்குள் கல்லை வைத்து அழுத்தியது போலிருந்தது. வாயெல்லாம் எச்சில் ஊறியது. கண்கள் இருட்டின. எழுந்து கொல்லைக் குழாயடிக்கு ஓடினாள். உடம்பு முழுவதும் குலுங்கக் குலுங்க எல்லாம் வெளியே வந்தது.

"அய்யோ, என்னாச்சு!" கமலாம்பாள் பதறி ஓடிவந்தார்.

"அத்தை, அம்மாவால சாப்புட முடியாது!" எழில்மதி வெடித்தாள். "ஒடம்பு கொறைய வயித்தையே வெட்டி எடுத்துருக்காங்க. திமிரு இல்ல அத்தை... முடியாது!"

கமலாம்பாள் குனிந்து, ஞானசௌந்தரியின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார். தன் முந்தானையாலேயே வாயைத் துடைத்துவிட்டார்.

"அட பாவி மனுசி. ஒரு வார்த்த சொல்லிருந்தா ரசத்துல சோத்தக் கரைச்சுக் குடுத்துருப்பேன்ல? தெரியாம உங்களப் போட்டுக் கொன்னுட்டேனே."

ஞானசௌந்தரிக்கு அழுகை பொங்கியது. தப்பித்தோம் என்று நினைத்தாள். அத்தனை மாதச் சுமையும் அந்த ஒரு நொடியில் இறங்கியது போலிருந்தது.

கூடத்துக்கு வந்து அமர்ந்தார்கள். சுவரில் ஐந்து வருடத்துக்கு முந்திய குடும்பப் படம். கமலாம்பாள் அதையே உற்றுப் பார்த்தார்.

"இது நீங்களா?"

"ஆமாங்க."

"சின்ன வயசுலேருந்தே இப்புடியா?"

"இல்லீங்க. கல்யாணத்தப்ப அளவாத்தான் இருந்தேன். இவ இப்ப இருக்குற மாதிரிதான் இருந்தேன். இவ பொறந்ததுக்கு அப்பறம் போட்டதுதாங்க, நிக்கவே இல்ல."

"உங்க அம்மா?"

"அவங்களும்... அப்படித்தாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது புரிந்தது. கமலாம்பாளின் பார்வை மெல்ல எழில்மதியின் மேல் போயிற்று. முகத்தில், தோளில், புஷ்டியான கைகளில் நின்றது. அதில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் காலில் விழுந்தாவது ஆற்றியிருக்கலாம். அது ஒரே மகனைப் பெற்றவளின் பயம்.

"எம்பொண்ணு தெனம் நடக்குறாங்க. எண்ணெய்ப் பலகாரமே தொட மாட்டா..." ஞானசௌந்தரியின் குரல் கெஞ்சியது.

"அம்மா, போதும்," என்றாள் எழில்மதி.

கமலாம்பாள் எழுந்தார். "மூணு மணி பஸ்ஸ உட்டா கஷ்டம். நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க." செருப்பை மாட்டியவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "நிச்சயத்துக்கு மண்டபம் இப்ப சொல்ல வேணாம். ஊட்டுல உள்ளவங்களோட கலந்துகிட்டு போன் பண்றேன்."

ஞானசௌந்தரி வாசல்வரை வந்தாள். நெஞ்சு இன்னும் எரிந்தது.

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த எழில்மதி, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.