படித்துக் காட்டாத ஏழாவது பத்தி

குடும்ப நீதிமன்றத்தின் பக்கவாட்டு வாசலுக்கு எதிரே, நகல் எடுக்கும் கடைக்கும் செருப்புத் தைப்பவருக்கும் நடுவில் ஒரு மேசை கிடக்கும். அதன்மேல் ஒரு பழைய கணினி, அதைவிடப் பழைய பிரிண்டர். பின்னால் டைப்பக்கா. அப்படித்தான் எல்லோரும் கூப்பிடுவோம், நீதிமன்ற ஊழியர்கள் உட்பட. இருபது வருடமாக வக்கீல் தொழில் பார்க்கிறேன். இருபது வருடமும் என் உயிரை வாங்கியவர் அவர். என் சீனியர்மேல்கூட எனக்கு அவ்வளவு மரியாதை இருந்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மனுவைத் தட்டி முடித்ததும் கொடுத்துவிட மாட்டார். கையெழுத்துப் போடப்போகிறவரை எதிரே ஸ்டூலில் உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாகப் படித்துக் காட்டுவார். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்தி, என்ன புரிந்தது என்று கேட்பார். தலையை ஆட்டினால் செல்லாது, வாயால் சொல்ல வேண்டும். கல்லூரிப் பேராசிரியருக்கும் இதே கதிதான். உள்ளே வழக்கைக் கூப்பிடப்போகிறார்கள் என்று நான் காலில் வெந்நீர் கொட்டியவன் மாதிரி குதிப்பேன். போய் டீ குடித்துவிட்டு வரும்படி சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

என்னிடம் கேட்கக் கூச்சப்படுவதையெல்லாம் ஜனங்கள் அவரிடம்தான் கேட்பார்கள். கோபத்தில் வீட்டைவிட்டு வந்துவிட்டேன், பிள்ளைமேல் உரிமை போய்விடுமா? கல்யாணச் சான்றிதழ் வீட்டுக்காரரிடம் இருக்கிறது, அது இல்லாமல் வழக்குப் போட முடியுமா? வேலையைவிட்டு நீயாகவே போவதாக இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடு என்கிறார் மேனேஜர், போடலாமா? தான் வக்கீல் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுவார். எந்த அறைக்குப் போக வேண்டும், இலவச சட்ட உதவி எந்தக் கிழமை, எந்த வக்கீல் வாயால் வடை சுடுகிறவர் என்பதெல்லாம் அதன் பிறகு. கடைசிக் கேள்விக்கு மட்டும் அவரே பதில் சொல்வார்.

"இன்னைக்குப் போடாதீங்க. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சிட்டு வர்றேன்னு சொல்லுங்க. படிக்க விட மாட்டேன்னு சொன்னாங்கன்னா, போடவே போடாதீங்க."

அது அவருக்கு அனுபவத்தில் வந்த பதில். இளவயதில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்திருக்கிறார். பிள்ளை உண்டாகி எட்டாவது மாதம், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றவரிடம், பிரசவ விடுப்புக்கான காகிதம் என்று ஒன்றை நீட்டியிருக்கிறார்கள். நாற்காலியில் உட்காரக்கூட முடியாத நேரம். நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். குழந்தை பிறந்து திரும்பிப் போனால், நீங்கள்தான் ராஜினாமா செய்துவிட்டீர்களே என்று அந்தக் காகிதத்தையே எடுத்துக் காட்டினார்கள். நாள் முழுக்கப் பிறர் எழுத்தைப் படித்துத் தட்டுகிறவள், தன் காகிதத்தைப் படிக்காமல் போனேனே என்று இப்போதும் சொல்லிக்கொள்வார். அதன் பிறகுதான் இந்த மேசை, இந்த ஸ்டூல், இந்தச் சத்தமான வாசிப்பு.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு நாள் படித்துக் காட்டாமல் விட்டார். விடவைத்தவன் நான்.

என் கட்சிக்காரி மாத்திரை தயாரிக்கும் ஆலை ஒன்றில் பேக்கிங் பிரிவில் வேலை செய்பவள். கணவன் வண்டி ஓட்டுநர். அடிதடி, வசவு எதுவும் இல்லை, ஒட்டவில்லை, அவ்வளவுதான். இரண்டு பேரும் மனமொத்துப் பிரிவதாக முடிவுசெய்து என்னிடம் வந்தார்கள். நாலு வயது மகள் தாயிடம் இருப்பாள், ஞாயிற்றுக்கிழமை தகப்பன் வந்து பார்ப்பான். என் அறையில் உட்கார்ந்து பேசிய பேச்சு அது. அவளுக்கு அந்த ஒன்றுதான் வேண்டும். மற்ற எதைப் பற்றிக் கேட்டாலும் அவர் இஷ்டம் சார் என்றாள்.

மனு தாக்கல் செய்த அன்று எனக்கு இன்னொரு நீதிமன்றத்தில் வழக்கு. அவளுக்கோ ஆலையில் ஒரு மணி நேரம்தான் அனுமதி. முன்பு அடித்த மனு ஒன்றில் பெயர்களை மட்டும் மாற்றிக் கொடுக்கும்படி டைப்பக்காவிடம் சொன்னேன். மகள் என்னோடு இருந்தால் போதும் அக்கா என்று அவள் சொல்லிக்கொண்டிருக்க, அவர் மாற்றினார். படிக்க வாயைத் திறந்தபோது நான் காகிதத்தைப் பிரிண்டரிலிருந்தே உருவிவிட்டேன். எல்லா மனுவும் ஒன்றுதானே, என்ன புதிதாக இருக்கப்போகிறது என்று எரிந்தும் விழுந்தேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அப்புறம் பேனாவை அவளிடம் கொடுத்தார். அவளுக்குப் பிறகு கணவனும் கையெழுத்துப் போட்டான்.

சட்டப்படி ஆறு மாதம் காத்திருந்து, இரண்டாவது தடவை நீதிபதி முன்னால் நின்றால்தான் தீர்ப்பு. அந்த இரண்டாவது நாள் காலையில் ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும் இதே மாதிரி மனுவுக்காக மேசைக்கு வந்திருக்கிறார்கள். டைப்பக்கா அதே கோப்பைத் திறந்து, பெயர்களை மாற்றி, ஸ்டூலில் உட்காரவைத்துப் படித்திருக்கிறார். ஏழாவது பத்தி. மைனர் மகள் தந்தையின் பொறுப்பில் இருப்பாள், தாய் மாதம் ஒருமுறை பார்க்கலாம். எங்களுக்குப் பிள்ளையே கிடையாதே என்றாராம் ஆசிரியர்.

டைப்பக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லாவற்றுக்கும் முந்தைய மனுவில் மகன் தகப்பனோடு இருந்தான். அந்தத் தாய்க்கு வெளியூரில் வேலை. கட்சிக்காரிக்காக அதைத் திருத்தியபோது மகன் என்ற சொல் மகள் ஆயிற்று. தந்தை, தந்தையாகவே இருந்துவிட்டார். ஆறு மாதமாக அவளுடைய கையெழுத்தோடு அந்தப் பத்தி நீதிமன்றத்தில் கிடக்கிறது.

காலையில்தான் கட்சிக்காரி உள்ளே போனதைப் பார்த்திருந்தார். மேசையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். மூட்டுவலிக்காரர், அவர் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. நான் நீதிமன்ற அறைக்குள் இருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு வழக்குதான் பாக்கி. என் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னார். உடனே என் வக்கீல் புத்தி வேலை செய்தது. இப்போது எதுவும் பேச வேண்டாம், தீர்ப்பு ஆகட்டும், அப்புறம் திருத்த மனு போட்டுக்கொள்ளலாம் என்று கிசுகிசுத்தேன். அப்புறம் அந்த ஆள் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்று கேட்டார். நான் கோப்பைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். மனுவில் உள்ளதெல்லாம் சம்மதம்தானா என்று நீதிபதி கேட்டார். கட்சிக்காரி சம்மதம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்தப் பொண்ணுக்கு அதுல என்ன இருக்குன்னு தெரியாது. டைப் அடிச்சவ நான். தப்பு என்னோடது."

காவலர் அவரை நோக்கி நடந்தார். நீதிபதி கையமர்த்தி அவரை முன்னே வரச் சொன்னார். ஏழாவது பத்தியைத் தானே உரக்கப் படித்தார். கட்சிக்காரி முதலில் விளங்காமல் நின்றாள். மாதம் ஒருமுறை என்ற இடம் வந்ததும் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை.

நீதிபதி கணவனிடம், பேசிக்கொண்டது என்ன என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"பாப்பா அவங்ககூடன்னுதான் பேசினோம் மேடம். எனக்குக் குடுத்த மனு காப்பியில வேற மாதிரி இருந்துது. பார்த்தேன். சும்மா இருந்துட்டேன்."

நீதிபதி டைப்பக்காவின் பக்கம் திரும்பினார். படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கியது எவ்வளவு பெரிய தவறு தெரியுமா, உங்கள் மேசைக்கான அனுமதியையே ரத்துசெய்யச் சொல்ல முடியும் என்றார். தெரியும் என்றார் டைப்பக்கா. ஏன் படிக்கவில்லை என்று கேட்டபோது அவர் கண் என் பக்கம் வரவே இல்லை. அன்னைக்கு விட்டுப்போச்சு மேடம் என்றார், அவ்வளவுதான்.

அந்த மேசை போனால் அவருக்கு வேறு எதுவும் இல்லை. நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தப்பித்திருக்கலாம். அவர் காட்டிக்கொடுத்திருந்தால் மறுத்துக்கூடப் பேசியிருப்பேன், என்னை எனக்குத் தெரியும். காட்டிக்கொடுக்காமல் நின்றதைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து, படிக்க விடாமல் தடுத்தது நான்தான் என்றேன். நீதிபதி என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் ஒரு அறை வாங்கியிருக்கலாம். பிறகு திருத்தத்தை அங்கேயே எழுதவைத்து, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி, மகள் தாயிடமே இருப்பாள் என்று தீர்ப்பில் சேர்த்தார். மேசையைப் பற்றி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை.

வெளியே நடைபாதையில் கட்சிக்காரி எங்களைப் பார்த்து நின்றாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அக்கா, நீங்க இன்னைக்கு வராம இருந்திருந்தா?"

நானாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். மேல்முறையீடு இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று ஆயிரம் இருக்கிறது. டைப்பக்கா அப்படியெல்லாம் சொல்லவில்லை.

"பாப்பா போயிருப்பாம்மா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூட்டைப் பிடித்துக்கொண்டு டைப்பக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அழுதாள், இவரும் அழுதார். அவர்களுக்கு எதிரே, கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் நின்றேன்.