மாடிவீட்டு அக்கா அணைத்து வைத்த பெட்டி

என் மகள் வீட்டிலிருந்தே கணினியில் சாயங்காலப் பரீட்சை எழுதிய வாரம், மாடிவீட்டுத் தையல்கார அக்கா சாயங்காலமானதும் தன் வீட்டு நெட் பெட்டியை அணைத்துவிடுவார். எங்களுக்காகத்தான். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கேபிள்காரர் சொன்ன பேச்சுதான் காரணம். கம்பத்தில் ஏணி போட்டு நின்றவரை அக்கா கீழிருந்து வம்புக்கு இழுத்தார்.

"என்னப்பா, கம்பத்துலேயே குடித்தனம் வெச்சுட்டியா? கீழ்வீட்டுப் பொண்ணுக்குப் பரீட்சை. நெட் நின்னு நின்னு போகுதாம்."

"ஒரே லைன்லதான் தெருவே தொங்குதுக்கா. சாயங்காலம் எல்லாரும் படம் பார்க்க உட்கார்ந்தா மெதுவாத்தான் வரும்."

"குழாய்த் தண்ணி மாதிரியா? நான் மூடினா அவளுக்குக் கொஞ்சம் கூட வருமா?"

"அப்படியே வெச்சுக்கங்களேன்!" என்று சிரித்தார். அவருக்கு அது விளையாட்டு. அக்கா மனதில் பதிந்துவிட்டது.

அக்காவுக்கு ஒரே மகன். எவ்வளவோ மன்றாடியும் கேட்காமல் கப்பல் வேலைக்குப் போனான். "போனா இந்த வாசலை மிதிக்காதே" என்று கோபத்தில் சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. கப்பல் கரையில் நிற்கும்போது நெட் வழியாக ஒருநாள் கூப்பிடுவான் என்று அவன் சிநேகிதன் சொன்னதால்தான் அந்தப் பெட்டியையே மாட்டினார். தையல் மிஷின் பக்கத்தில் போன் கிடக்கும். ஒரு கண் துணியில், ஒரு கண் அதில். நானும் சாமி கும்பிடும்போதெல்லாம் அவனுக்காக வேண்டிக்கொள்வேன்.

கடைசிப் பரீட்சை முடிந்து அக்கா பெட்டியைப் போட்டதும் போன் விடாமல் சிணுங்கியிருக்கிறது. அணைந்திருந்த நேரம் முழுக்க மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். கடைசியில் ஒரு செய்தி: 'இன்னும் கோபமாம்மா? சரி, இனிமே தொந்தரவு பண்ணல. கப்பல் கிளம்புது.'

அக்கா அழுது அழுது பதில் பேசி அனுப்பினார். அது போய்ச் சேரவே இல்லை. அந்த எண்ணையே அவன் விட்டுவிட்டான் என்று பிறகு தெரிந்தது.

அன்று அக்கா போனும் கையுமாகக் கீழே வந்தபோது கேபிள்காரர் கோளாறு பார்க்க எங்கள் வீட்டில்தான் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடிப்போனது.

"ஒரு பெட்டிய அணைச்சு என்னக்கா வந்துடப்போகுது? டிவிக்கும் நெட்டுக்கும் கேபிளைப் பிரிக்கிற முனை இங்க கழண்டு கிடந்திருக்கு. கோளாறே இதுதான்." திருகி இறுக்கினார். நெட் சீராக ஓடியது.

அக்கா என் பக்கம் திரும்பி, "பாப்பா நல்லா எழுதினாளா?" என்றார்.

அவ்வளவு நாள் வாடாத மனுஷி அதற்குப்பின் ஒடுங்கிப்போனார். தைக்க வந்த துணிகளைத் திருப்பி அனுப்பினார். கடைசியில் தங்கை வீட்டோடு இருக்கப் புறப்பட்டார். வண்டியில் சாமானெல்லாம் பின்னால்; நெட் பெட்டி மட்டும் துணியில் சுற்றி மடியில். நான் அவர் கையைப் பிடித்து அழுதேன். அக்கா என் கன்னத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"போய் இறங்கினதும் முதல் வேலை இதை மாட்டுறதுதான். உன் மக டாக்டருக்கே படிச்சாலும் சரி, இனிமே இதை அணைக்க மாட்டேன்டி தங்கச்சி."